லைப்சிக் நோட்டன்ஷ்பூர் நடை ரிவ்யூ: ஜெர்மன்காரங்க இசையில எப்படி இவ்ளோ பெரிய ஆளானாங்கன்னு தெரியணும்னா இங்க நடந்து பாருங்க

ஜெர்மனியில லைப்சிக்ங்கற ஊர்ப் பக்கம் போறீங்கன்னா நோட்டன்ஷ்பூரை விட்டுடாதீங்க. முடிவை முதல்லயே சொல்லிட்டேன், இனிமே சொல்றதெல்லாம் ஏன்னு விளக்கறதுக்குத்தான். நோட்டன்ஷ்பூர்ங்கறது ஊருக்கு நடுவுல போட்டிருக்கற ஒரு நடை ரூட், 5 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல வரும், மொத்தம் 23 இடம், எல்லாமே இசை சம்பந்தப்பட்ட இடங்க. 2012ல திறந்திருக்காங்க. நடைபாதை கல்லுக்கு நடுவுல வளைஞ்ச ஸ்டீல் பட்டையா பதிச்சு வச்சிருக்காங்க, அதைப் பாத்துக்கிட்டே போனா போதும், மேப்பை கையில வச்சுக்கிட்டு முழிக்க வேண்டாம். நடக்கறதுக்கு காசு கிடையாது, வழியில இருக்கற மியூசியத்துக்குள்ள போகணும்னா மட்டும் அதுஅதுக்கு தனி டிக்கெட்.

மேற்கத்திய கிளாசிக்கல் கேக்க ஆரம்பிச்ச எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்வி வரும். பாக், ஹாண்டெல், ஹெய்டன், மோட்சார்ட், பீத்தோவன், ஷூபர்ட், மெண்டல்சோன், ஷூமான், வாக்னர், பிராம்ஸ்னு லிஸ்ட் போய்க்கிட்டே இருக்கும், எல்லாரும் ஜெர்மன் பேசுற ஊர்க்காரங்க, அதெப்படி? இதுக்கு நிறைய பேர் சொல்ற பதில் "அவங்க ரத்தத்துலயே இருக்கு"ங்கறது. எனக்கு அந்தப் பதில் என்னைக்குமே ஒத்துக்கல, அது பதிலே இல்ல, கேள்வியையே திருப்பிச் சொல்றது மாதிரி. இந்த நடையோட பெரிய பலமே இங்கதான் இருக்கு. பள்ளிக்கூடம், சர்ச், வியாபாரிங்க கட்டின கச்சேரி ஹால், இசை நோட்டு அச்சடிச்ச பிரஸ், இசையைப் பத்தி பத்திரிகை நடத்தின வீடு எல்லாமே ஒண்ணுக்கொண்ணு நடந்து போற தூரத்துல இருக்கு, ஒரே நாள்ல பாத்துடலாம். அப்படிப் பாக்கும்போது இது ஏதோ அதிசயம் இல்ல, நூத்துக்கணக்கான வருஷம் பல பேர் சேர்ந்து போட்ட ஏற்பாடுன்னு கண்ணுக்கே தெரியுது.

நீங்க தோமஸ்கிர்ஷ சர்ச்லேர்ந்து ஆரம்பிங்க, அதான் என் யோசனை. நிறைய பேர் அகஸ்டஸ்பிளாட்ஸ் சதுக்கத்துல இருக்கற புது கெவான்ட்ஹௌஸ் கச்சேரி ஹால்லேர்ந்து ஆரம்பிக்கறாங்க, அதுவும் தப்பில்ல, ஆனா கதை வரிசையா புரியணும்னா சர்ச்தான் முதல்ல. 1212ல ஆரம்பிச்ச மடம், அதோட பையன்க பாடற கோயரும் அந்தக் காலத்துலேர்ந்தே இருக்கு, இன்னைக்கும் இருக்கு. 1539ல புராட்டஸ்டண்ட் பிரிவை ஆரம்பிச்ச மார்ட்டின் லூதரே இங்க வந்து பிரசங்கம் பண்ணியிருக்காரு. லூதர் பண்ண வேலையோட அளவு இங்க நின்னாதான் எனக்குப் பிடிபட்டுது. பாதிரியார் மட்டும் லத்தீன்ல பாடிக்கிட்டிருந்த வழிபாட்டுல ஊர் ஜனம் மொத்தமும் சொந்த மொழியில பாடற மாதிரி மாத்தினாரு, பள்ளிக்கூடத்துல இசையை கட்டாயப் பாடமாக்கணும்னு நின்னாரு, பாடத் தெரியாத வாத்தியாரை வாத்தியாராவே அவர் மதிக்கல. இதோட விளைவு என்னன்னா, புராட்டஸ்டண்ட் ஊர் எவ்வளவு சின்னதா இருந்தாலும் அங்க ஒரு காண்டர், ஒரு ஆர்கன் வாசிக்கறவர், நகராட்சி சம்பளத்துல நாலஞ்சு வாத்தியக்காரங்க. காண்டர்னா பள்ளிக்கூட பசங்களுக்கு இசை சொல்லிக் கொடுத்து ஞாயித்துக்கிழமை சர்ச்ல பாட வைக்கற வாத்தியார். எத்தனை ஊர், எத்தனை வேலை, அந்த வேலைக்கு ஆள் தயார் பண்ண எத்தனை பள்ளிக்கூடம்னு கணக்குப் போட்டுப் பாருங்க. துரிங்கியாவுல பாக் குடும்பமே தலைமுறை தலைமுறையா இந்த வேலைகள்லதான் சாப்பிட்டிருக்கு.

பாக் 1723லேர்ந்து 1750ல சாகற வரைக்கும் இங்க காண்டர். இப்ப அவர் சமாதியும் இந்த சர்ச் உள்ளதான் இருக்கு, எப்பப் பாத்தாலும் யாராவது பூ வச்சிருப்பாங்க. ஆனா அவர் இந்த வேலைக்கு எப்படி வந்தார்ங்கற கதைதான் எனக்கு முக்கியமா படுது. நகர சபை முதல்ல கேட்டது டெலிமான்ங்கற இன்னொரு கம்போசரை. டெலிமான் ஹாம்பர்க்ல இருந்தாரு, லைப்சிக் கூப்பிடுதுன்னு தெரிஞ்சதும் ஹாம்பர்க்காரங்க சம்பளத்தை ஏத்திக் கொடுத்து பிடிச்சு வச்சுக்கிட்டாங்க. அடுத்து க்ரௌப்னர், அவரும் கம்போசர், டார்ம்ஸ்டாட் அரண்மனையில இருந்தவர், அந்த ஊர் பிரபுவும் விட மாட்டேன்னு சொல்லி சம்பளத்தை ஏத்திட்டாரு. அதுக்கப்புறம்தான் பாக். அன்னைக்கு ஜெர்மனின்னு ஒரு நாடே கிடையாது, கிட்டத்தட்ட 300 தனித்தனி ராஜ்ஜியம், சுதந்திர நகரம், பிஷப் ஆட்சின்னு சிதறிக் கிடந்துச்சு, ஒவ்வொருத்தருக்கும் சொந்தமா ஒரு அரண்மனை, பக்கத்து ராஜா வச்சிருந்தா நானும் ஒரு ஆர்கெஸ்ட்ரா வச்சிருக்கணும்ங்கற கௌரவப் போட்டி. படை பலத்துல போட்டி போட முடியாத குட்டி ராஜாங்க பாட்டுலயும் வேட்டையிலயும் மாளிகையிலயும் போட்டி போட்டாங்க. அதனால நல்ல இசைக்காரன் ஒரு இடத்துல சண்டை போட்டா இன்னொரு இடத்துக்குப் போகலாம். பாக்கே ஆர்ன்ஸ்டாட், மூல்ஹௌசன், வைமர், க்யோத்தன், லைப்சிக்னு அஞ்சு இடம் மாறினவர். வைமர்ல வேலையை விடறேன்னு அடம் பிடிச்சதுக்கு 1717ல பிரபு அவரை கிட்டத்தட்ட நாலு வாரம் உள்ள தூக்கி வச்சாரு, அப்புறம் வேற வழியில்லாம விட்டுட்டாரு. அதே நேரத்துல பிரான்ஸ்ல என்ன நிலைமைன்னா எல்லாமே பாரிஸ், வெர்சாய். 1672ல லூலிங்கற கம்போசருக்கு ராஜா ஓபரா உரிமையை மொத்தமா கொடுத்துட்டாரு, அவரோட அனுமதி இல்லாம அந்த நாட்டுல வேற யாரும் ஓபரா போட முடியாது. பல ஊர்ல பல வாசல் திறந்திருக்கறதுக்கும் ஒரே வாசல் இருக்கறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

சர்ச்சுக்கு எதிர்லயே பாக் மியூசியம். பாக்கோட குடும்ப நண்பரா இருந்த போஸ வியாபாரி குடும்பத்தோட வீடு அது. கண்டிப்பா உள்ள போங்க, ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க. 1748ல ஹௌஸ்மான் வரைஞ்ச பாக் படம் இருக்கு. பரோக் ஆர்கெஸ்ட்ராவுல, அதாவது பாக் காலத்து ஆர்கெஸ்ட்ராவுல, ஒவ்வொரு வாத்தியத்தோட சத்தத்தையும் தனியா பிரிச்சுக் கேக்கற மாதிரி ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க, அதுலேர்ந்து என் அக்கா பையனை இழுத்துட்டு வர்றதே பெரும்பாடாப் போச்சு. ஒரிஜினல் கையெழுத்துப் பிரதிகளை ஒரு தனி அறையில வெளிச்சம் குறைச்சு வச்சிருப்பாங்க.

பாக்கோட வேலை ஒண்ணும் சொகுசான வேலை இல்ல. 1730ல அவர் நகர சபைக்கு எழுதின மனுவுல பசங்களை வரிசையா பேர் போட்டுப் பிரிச்சிருக்காரு, 17 பேர் உபயோகம், 20 பேர் இன்னும் தேறல, 17 பேர் எதுக்கும் ஆக மாட்டாங்க, மொத்தம் 54. இத்தனை பேரை வச்சுக்கிட்டு ஊர்ல நாலு சர்ச்சுக்கு ஆள் அனுப்பணும். அதே வருஷம் பழைய ஸ்நேகிதருக்கு எழுதின கடிதத்துல, ஊர்ல காத்து நல்லா இருந்தா சாவு குறையுது, சாவு குறைஞ்சா சாவுப் பாட்டுக்கு வர்ற வரும்படியும் குறையுது, போன வருஷம் அதுலயே 100 தாலருக்கு (அந்தக் காலத்து வெள்ளிக் காசு) மேல நஷ்டம்னு கணக்கு சொல்லியிருக்காரு. இதைப் படிச்சதும் எனக்கு பாக் மேல இருந்த மரியாதை இன்னும் அதிகமாச்சு. வாராவாரம் ஞாயித்துக்கிழமைக்கு புதுசா ஒரு கன்டாட்டா, அதாவது வழிபாட்டுல வாத்தியங்களோட பாடற பாட்டுத் தொகுப்பு, எழுதி, நோட்டு காப்பி எடுக்க வச்சு, தேறாத பசங்களை வச்சு ஒத்திகை பாத்து, இதுதான் அந்தப் பெரிய இசை பொறந்த சூழ்நிலை.

அடுத்து கத்தரீனன்ஷ்ட்ராஸ தெரு. இங்க ட்ஸிம்மர்மான் காபிக்கடை இருந்துச்சு, கட்டடம் 1943 குண்டுவீச்சுல போயிடுச்சு, அதனால நின்னு பெருசா பாக்க எதுவும் இல்ல, ஆனா விஷயம் பெருசு. டெலிமான் சட்டம் படிக்க லைப்சிக் வந்தப்போ 1702ல காலேஜ் பசங்களை சேர்த்து ஒரு இசைக்குழு ஆரம்பிச்சாரு, பின்னாடி 1729லேர்ந்து பாக் அதை நடத்தினாரு, அந்தக் காபிக்கடையில வாராவாரம் கச்சேரி. லைப்சிக்ல ராஜா கிடையாதுங்கறதை மறந்துடாதீங்க, அரண்மனை டிரெஸ்டன்ல. இது சந்தை ஊர், 1497லயே பேரரசரோட சந்தை உரிமை வாங்கின ஊர், வருஷத்துக்கு மூணு தடவை ஐரோப்பா முழுக்க இருந்து வியாபாரிங்க வந்து குவிவாங்க. பாக் காலத்துல ஜனத்தொகை சுமார் 30,000 இருக்கும், அவ்வளவுதான், ஆனா யுனிவர்சிட்டி இருக்கு, காசு இருக்கு, வெளியூர் ஆள் வந்து போய்க்கிட்டே இருக்காங்க. இந்த வியாபாரிங்கதான் 1743ல சேர்ந்து 16 வாத்தியக்காரங்களை வச்சு சொந்தமா ஒரு கச்சேரி சங்கம் ஆரம்பிச்சாங்க. முதல்ல வீட்டுல, அப்புறம் ஒரு சத்திரத்துல, 1781லேர்ந்து துணி வியாபாரிங்களோட கட்டடத்து மாடியில. துணிக் கட்டடம்ங்கறதுதான் கெவான்ட்ஹௌஸ், இன்னைக்கு உலகத்தோட பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள்ல ஒண்ணுக்கு அதே பேர். ஒரு ராஜாவோட தயவும் இல்லாம ஊர்க்காரங்களே காசு போட்டு நடத்தின ஆர்கெஸ்ட்ரா இது, 250 வருஷத்தையும் தாண்டி நிக்குது.

பழைய ஹால் இருந்த இடம் இப்ப வேற கட்டடம், பக்கத்துல இருக்கற சந்துக்கு மட்டும் அந்தப் பேர் மிச்சம். ஆனா அந்த இடத்துல கொஞ்ச நேரம் நில்லுங்க, ஏன்னா இந்த ரூட்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச சம்பவம் இங்கதான் நடந்துச்சு. ஷூபர்ட் 1828ல வியன்னாவுல 31 வயசுல செத்துப் போனாரு, அவரோட பெரிய சி மேஜர் சிம்பொனி கச்சேரியில வாசிக்கப்படாமலே கிடந்துச்சு. பத்து வருஷம் கழிச்சு ஷூமான் வியன்னா போனப்போ ஷூபர்ட்டோட அண்ணன் வீட்டுல அந்த ஸ்கோரைப் பாத்து உடனே லைப்சிக்குக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணாரு, மெண்டல்சோன் 1839 மார்ச் 21 இதே ஹால்ல வாசிக்க வச்சாரு, ஷூமான் தன்னோட பத்திரிகையில அதைப் பத்தி எழுதினாரு, இசை நோட்டு அச்சடிக்கற ப்ரைட்காப் கம்பெனி அச்சுல கொண்டுவந்துச்சு. ஒருத்தர் எழுதினாரு, ஒருத்தர் தேடி எடுத்தாரு, ஒருத்தர் வாசிச்சாரு, ஒருத்தர் அச்சடிச்சாரு. இதுல ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் இன்னைக்கு நம்ம காதுக்கு அந்த சிம்பொனி வந்திருக்காது. எழுதின மேதை வியன்னாவுல, அதை உலகத்துக்குக் கொண்டுபோன ஏற்பாடு லைப்சிக்ல. மேதைங்க எல்லா நாட்டுலயும் பொறக்கறாங்க, இந்த மாதிரி சங்கிலி எல்லா நாட்டுலயும் இல்ல, என்னோட பதில் இவ்வளவுதான்.

அப்புறம் கிழக்கால நடந்தா கோல்ட்ஷ்மிட்ஷ்ட்ராஸ 12, மெண்டல்சோன் வீடு. முழு ரூட்ல ஒரே ஒரு மியூசியத்துக்குத்தான் நேரம் இருக்குன்னா பாக் மியூசியமா இதுவான்னு யோசிப்பீங்க, சின்னப் பசங்க கூட வந்தா இதுதான். 1845லேர்ந்து 1847 நவம்பர் 4 சாகற வரைக்கும் அவர் குடும்பத்தோட இருந்த வீடு, அவரே வரைஞ்ச வாட்டர்கலர் படங்கள் மாட்டியிருக்கு, இசை மட்டுமில்ல கையும் நல்லா ஓடியிருக்கு மனுஷனுக்கு. கீழ எஃபெக்டோரியம்னு ஒரு அறை, ஒரு மேடை, கையில கண்டக்டர் குச்சி, சுத்தி ஒவ்வொரு வாத்தியப் பிரிவுக்கும் ஒரு ஸ்பீக்கர் தூண். குச்சியை ஆட்டினா அதுக்கேத்த மாதிரி ஆர்கெஸ்ட்ரா போகும், வேணும்னா ஒரு பிரிவை அமைதியாக்கிடலாம். அக்கா பையன் ஏறினதும் "சித்தி, நான் வேகமா ஆட்டினா அவங்களும் வேகமா ஓடறாங்க!"ன்னு கத்தினான், அப்புறம் வயலினை எல்லாம் நிறுத்திட்டு ஹார்னை மட்டும் கேட்டான். ஒரு ஆர்கெஸ்ட்ராவுல எத்தனை குரல் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்குன்னு அவனுக்கு நான் வாயால எவ்வளவு சொல்லியிருந்தாலும் புரிஞ்சிருக்காது.

மெண்டல்சோன் 1835ல கெவான்ட்ஹௌஸ் பொறுப்புக்கு வந்தவர், அதுக்கு முன்னாடி 1829ல 20 வயசுல பெர்லின்ல பாக்கோட மத்தேயு பாஷனை (ஏசு பட்ட பாட்டைச் சொல்ற பெரிய கோயர் இசை) மறுபடி மேடையேத்தினவர். அந்தக் காலத்துல கச்சேரின்னா புது இசை, செத்துப் போனவங்களோட இசையை யாரும் அவ்வளவா வாசிக்க மாட்டாங்க. இவர்தான் பாக், ஹாண்டெல்லேர்ந்து வரிசையா காலவாரியா வாசிக்கற கச்சேரிகளை இங்க போட்டாரு. பாக்குக்கு சிலை வைக்க தானே ஆர்கன் கச்சேரி வாசிச்சு காசு சேத்தாரு, 1843ல அந்தச் சிலையும் வந்துச்சு, அதே வருஷம் ஒரு இசைக் கல்லூரியும் ஆரம்பிச்சாரு. அந்தக் கல்லூரிக்கு வெளிநாட்டுலேர்ந்து பசங்க வந்து படிச்சாங்க, நார்வேலேர்ந்து க்ரீக், இங்கிலாந்துலேர்ந்து சல்லிவன், எதல் ஸ்மைத், டீலியஸ். படிச்சுட்டு ஊருக்குத் திரும்பினவங்க கூடவே இங்க கத்துக்கிட்ட பாடத்திட்டமும் போச்சு, எது பெரிய இசைங்கற அளவுகோலும் போச்சு. இப்படித்தான் ஒரு ஊர்ப் பழக்கம் உலகத்துக்கே விதியா மாறுது.

அங்கேர்ந்து பக்கம்தான் டால்ஷ்ட்ராஸ 10, பீட்டர்ஸ்ங்கற இசை நோட்டு பப்ளிஷரோட கட்டடம், இப்ப அதுல க்ரீக் நினைவு அறை இருக்கு. க்ரீக் லைப்சிக் வந்தா இங்கதான் தங்குவாரு. பியானோ கத்துக்கிட்டவங்க யாரா இருந்தாலும் பீட்டர்ஸ் புக் கையில பட்டிருக்கும். 1867 நவம்பர்ல ஜெர்மன் ராஜ்ஜியங்கள்ல பழைய எழுத்தாளர்கள், கம்போசர்களோட பதிப்புரிமை ஒட்டுமொத்தமா முடிஞ்சுச்சு, பீட்டர்ஸ் அதுக்குத் தயாரா இருந்து, ஊர்ல புதுசா வந்திருந்த வேகமான நோட்டு அச்சு மெஷினை வச்சு மலிவு விலையில சீரிஸ் ஆரம்பிச்சாங்க, அதுல நம்பர் 1 பாக்கோட வெல் டெம்பர்ட் கிளேவியர்ங்கற கீபோர்டு இசைத் தொகுப்பு. ப்ரைட்காப் இன்னும் பழசு, 1719லேர்ந்து இருக்காங்க, 1798லேர்ந்து இசைக்குன்னே வாரப் பத்திரிகை நடத்தினாங்க, அதுலதான் 1810ல ஈ.டி.ஏ. ஹோஃப்மான்ங்கற எழுத்தாளர் பீத்தோவனோட அஞ்சாவது சிம்பொனியைப் பத்தி எழுதின பிரபலமான விமர்சனம் வந்துச்சு. பாட்டு, வார்த்தை எதுவும் இல்லாத வாத்திய இசைதான் எல்லாக் கலையிலயும் உசந்ததுன்னு வாதாடின எழுத்து அது. 1850லேர்ந்து 50 வருஷம் உழைச்சு பாக்கோட மொத்தப் படைப்பையும் தொகுத்து பெரிய பெரிய வால்யூமா போட்டதும் இங்கதான்.

இதையெல்லாம் பாத்ததுக்கப்புறம் எனக்குத் தோணினதை ஓப்பனா சொல்றேன். ஜெர்மன் இசையோட பேர்ல பாதி இசையால வந்தது, பாதி அதைப் பத்தி எழுதினவங்களால வந்தது. 1820கள்ல வியன்னாவுலயே ஜனம் பைத்தியமா அலைஞ்சது இத்தாலி ஓபரா கம்போசர் ரொசினிக்குத்தான், பீத்தோவனுக்கு இல்ல. ஐரோப்பா முழுக்க ஓபரா ஹால் எல்லாம் இத்தாலிக்காரங்க கையில. ஆனா வரலாறு எழுதினது, பத்திரிகை நடத்தினது, தொகுப்பு போட்டது, கல்லூரிப் பாடம் வச்சது எல்லாம் இவங்க, சிம்பொனியும் குவார்டெட்டும்தான் உசத்தி, ஓபரா பொழுதுபோக்குன்னு ஒரு தராசை உண்டாக்கினதும் இவங்க. நாடுன்னு ஒண்ணு 1871 வரைக்கும் இல்லாததால, "நமக்கு நாடு இல்ல, ஆனா இசை இருக்கு"ன்னு ஒரு பெருமை வேற அதுல சேந்துச்சு. இதைச் சொல்றதால பாக்கோ பீத்தோவனோ குறைஞ்சு போறதில்ல, ஆனா தராசு யார் கையிலங்கறது தெரிஞ்சு கேக்கறது நல்லது.

இத்தாலிக்கு இவங்க பட்ட கடன் எவ்வளவுன்னு பாக்கணும்னா வழியில க்ராஸி கட்டடத்துல இருக்கற இசைக்கருவி மியூசியத்துக்குள்ள போங்க. 1726ல ஃப்ளாரன்ஸ்ல க்றிஸ்டோஃபோரி செஞ்ச பியானோ இருக்கு. பியானோவைக் கண்டுபிடிச்சவரே அவர்தான், அவர் செஞ்சதுல உலகத்துலயே மிச்சம் இருக்கறது மூணு, அதுல ஒண்ணு இது. சின்னதா, மெல்லிசா, இன்னைக்கு இருக்கற கிராண்ட் பியானோ பக்கத்துல வச்சா குழந்தை மாதிரி இருக்கும். இத்தாலியில அதைப் பெருசா யாரும் தொடரல, லைப்சிக் இருக்கற சாக்ஸனியில ஸில்பர்மான்ங்கற கருவி செய்யறவர் அதை எடுத்து செஞ்சாரு, முதல்ல பாக் குறை சொன்னாரு, திருத்தினதுக்கப்புறம் ஒத்துக்கிட்டாரு. அங்கேர்ந்து போய் 1853ங்கற ஒரே வருஷத்துல லைப்சிக்ல ப்ளூத்னர், பெர்லின்ல பெக்ஸ்டைன், நியூயார்க்ல ஜெர்மனியிலேர்ந்து போன குடும்பம் ஆரம்பிச்ச ஸ்டைன்வே, மூணு கம்பெனி! பாக்குக்கு முந்தின ஜெர்மன் கம்போசர் ஷூட்ஸ் 1609ல வெனிஸ் போய் கப்ரியேலிங்கற கம்போசர்கிட்ட படிச்சாரு, பாக் வைமர்ல உக்காந்து இத்தாலிக்காரர் விவால்டியோட கான்செர்டோக்களை ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் மாத்தி எழுதி எழுதிக் கத்துக்கிட்டாரு, பக்கத்து ஊர் ஹால்லேல பொறந்த ஹாண்டெல் இத்தாலி போய்ட்டுதான் லண்டன் போனாரு. வெளியிலேர்ந்து வாங்கிக்கறதுல இவங்களுக்கு கூச்சமே இருந்ததில்ல, அதான் வளந்தாங்க.

அந்த மியூசியத்துல ஒரு நிமிஷம் ஹென்ரி ஹின்ரிக்சனை நினைச்சுக்கோங்க. பீட்டர்ஸ் கம்பெனி முதலாளி, யூதர். 1926ல இந்தக் கருவிகளோட பெரிய பகுதி கொலோன்ல விலைக்கு வந்தப்போ, யுனிவர்சிட்டி அதை வாங்கறதுக்காக 2,00,000 மார்க் கொடுத்தது அவர்தான், அந்தக் க்றிஸ்டோஃபோரி பியானோ லைப்சிக்ல இருக்கறதுக்கே அவரோட காசுதான் காரணம். நாஜிங்க வந்து கம்பெனியைப் பிடுங்கிக்கிட்டாங்க, 1942ல ஆஷ்விட்ஸ் வதை முகாம்ல அவரைக் கொன்னுட்டாங்க. கெவான்ட்ஹௌஸ் முன்னாடி இருந்த மெண்டல்சோன் சிலையை 1936 நவம்பர்ல ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டாங்க, மேயர் கோர்டலர் அதை எதிர்த்து பதவியை விட்டு விலகினாரு. இந்த வெறுப்பும் திடீர்னு வரல, இதே ஊர்ல பொறந்த வாக்னர், ஷூமான் ஆரம்பிச்ச அதே பத்திரிகையில 1850ல புனைபேர்ல யூத இசைக்காரங்களைப் பத்தி விஷமா எழுதினவர், செத்து மூணு வருஷம் கூட ஆகாத மெண்டல்சோனையும் அதுல விடல. "ஜெர்மன் இசை"ங்கற பெருமையை யார் யாரெல்லாம் சேந்து கட்டினாங்களோ அவங்கள்ல சிலரையே வெளிய தள்ளினாங்க. 2008ல அந்தச் சிலையை அதே மாதிரி திரும்பச் செஞ்சு தோமஸ்கிர்ஷக்கு எதிர்ல வச்சிருக்காங்க, போய்ப் பாருங்க. வாக்னர் பொறந்த வீடு 1886லயே இடிச்சாச்சு, அந்த இடத்துல இப்ப ஷாப்பிங் கட்டடம், அதுக்குன்னு சுத்திப் போக வேண்டாம்.

ஷூமான் வீடு இன்ஸெல்ஷ்ட்ராஸ 18ல இருக்கு. ராபர்ட்டும் கிளாராவும் 1840ல கல்யாணம் பண்ணிக்கிட்டு குடித்தனம் வந்த வீடு, முதல் சிம்பொனி இங்கதான் எழுதினாரு. என்னைக் கேட்டா இது கிளாராவுக்காகப் போக வேண்டிய இடம். ஒன்பது வயசுல கெவான்ட்ஹௌஸ் மேடை ஏறினவங்க, அதுக்கப்புறம் அறுபது வருஷம் வாசிச்சாங்க, எந்தெந்த இசையை எந்த மரியாதையோட கேக்கணும்னு ஐரோப்பா ஜனத்துக்குப் பழக்கினதுல அவங்க பங்கு ரொம்பப் பெருசு, ஆனா பேர் என்னவோ அந்த ஆம்பளைங்களுக்குத்தான் போச்சு. சுத்தி இருக்கற தெருக்கள்தான் அந்தக் காலத்து அச்சக ஏரியா, 1943 டிசம்பர் 4 குண்டுவீச்சுல பெரும்பகுதி எரிஞ்சு போச்சு, அதனால இந்தப் பக்கம் நடக்கும்போது சாதாரண அபார்ட்மெண்ட்தான் கண்ணுல படும், ஏமாந்துடாதீங்க.

இந்த ரூட்டுக்கு ஒரு எல்லை இருக்கு, அதையும் சொல்லணும். இது பாதி பதில்தான். புராட்டஸ்டண்ட் பள்ளிக்கூடம், வியாபாரி, அச்சகம் இந்தப் பக்கம் முழுசா கிடைக்கும், கத்தோலிக்க அரண்மனைப் பக்கம் கிடைக்காது. ஹெய்டன் 1761லேர்ந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் எஸ்தர்ஹாஸி பிரபு குடும்பத்துல வேலை பாத்தது, கையிலயே ஒரு ஆர்கெஸ்ட்ரா இருந்ததால எதை வேணும்னாலும் எழுதி மறுநாளே வாசிச்சுப் பாக்க முடிஞ்சது, போஹீமியாலேர்ந்து வந்த ஸ்டாமிட்ஸ் மான்ஹைம்ல ஆர்கெஸ்ட்ராவை ஒரே ஆள் மாதிரி வாசிக்கப் பழக்கினது, மோட்சார்ட் 1781ல சால்ஸ்பர்க் வேலையை உதறிட்டு வியன்னாவுல சொந்தமா நின்னது, இதெல்லாம் பாக்க நீங்க அந்தந்த ஊருக்குத்தான் போகணும். ஆனா அடிப்படை ஒண்ணுதான்னு எனக்குப் படுது. 1808ல காஸல் ராஜா பீத்தோவனை வேலைக்குக் கூப்பிட்டப்போ, வியன்னாவுல மூணு பெரிய மனுஷங்க 1809ல சேந்து, நீங்க இந்த ஊரை விட்டுப் போகாம இருந்தா போதும்னு சொல்லி வருஷத்துக்கு 4,000 ஃப்ளோரின் தர்றதா எழுதிக் கொடுத்தாங்க. ஹாம்பர்க் டெலிமானுக்குப் பண்ணினதேதான். இன்னைக்கும் ஜெர்மனியில அரசாங்கக் காசுல நடக்கற ஆர்கெஸ்ட்ரா 130 கிட்ட இருக்கு, பல ஊர்ல அது அந்தப் பழைய குட்டி ராஜாவோட ஆர்கெஸ்ட்ராவேதான், கை மாறி வந்திருக்கு.

போறவங்களுக்கு சில விஷயம். எல்லா இடமும் ஒரே நாள்ல பாக்க முடியும்னாலும் மியூசியம் ரெண்டுக்கு மேல வச்சுக்காதீங்க, மூணாவதுல மண்டையில ஏறாது, மிச்சத்தை அடுத்த நாள் பாருங்க. திங்கக்கிழமை வேண்டாம், பாக் மியூசியம் மூடியிருக்கும். க்ரீக் அறை திறக்கற நேரம் ரொம்பக் கம்மி, முன்னாடியே பாத்துட்டுப் போங்க. நல்ல ஷூ முக்கியம், பழைய ஊர்ப் பக்கம் முழுக்க கல் பாவின தெரு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பாட்டுன்னு போன்ல முன்கூட்டியே ஏத்தி வச்சுக்கோங்க, பழைய கெவான்ட்ஹௌஸ் சந்துல நின்னு அந்த ஷூபர்ட் சிம்பொனியோட ஆரம்ப ஹார்னைக் கேக்கறதுக்காகவே ஹெட்ஃபோன் எடுத்துட்டுப் போகலாம். தோமஸ்கிர்ஷல வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கும் சனிக்கிழமை மதியம் 3 மணிக்கும் மோட்டெட்னு கோயர் பாடற வழிபாடு இருக்கும், உள்ள போக புரோகிராம் தாளை வாங்கணும், சில யூரோதான், ஆனா சீட் சீக்கிரம் நிறைஞ்சுடும், வாசல் திறக்கறதுக்கு முன்னாடியே வரிசையில நிக்கணும். ஸ்கூல் லீவு நாள்ல அந்தப் பசங்க கோயர் இருக்க மாட்டாங்க, வெளியூர் கோயர் ஏதாவது பாடும், அதனால டிக்கெட் போடறதுக்கு முன்னாடி சாக்ஸனி மாநில ஸ்கூல் லீவு தேதியைப் பாத்துட்டு போடுங்க.